மோட்டார் கொட்டாயில் எடுத்த ஆல்பம்

கும்மிடிப்பூண்டி எபினேசர் வாயைத் திறந்து பாடினால் எளாவூர் சோதனைச் சாவடியில் வரிசைகட்டி நிற்கும் லாரிகளின் கண்ணாடியெல்லாம் அதிரும் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது நான்தான். ஆனாலும் முழுப்பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில் மின்சாரம் போய், ஊரே மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தபோது, இவன் ஒருத்தன் மட்டும் பாட்டை நிறுத்தாமல் பாடி முடித்தான். பாட்டு முடிந்ததும் மின்சாரம் வந்தது. அதையும் நான் அவன் கணக்கிலேயே எழுதிவைத்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட குரல் சிப்காட்டில் ஒரு போர்ஜிங் கம்பெனியில் இரும்பு புரட்டிக்கொண்டிருந்தது. போர்ஜிங் என்றால் பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஹேம்மருக்கு அடியில் வைத்து அடித்து உருவாக்குவது. ஹேம்மர் என்றால் நம் வீட்டுச் சுத்தியல் இல்லை. வீடு உயரத்துக்கு ஒரு மெஷின். அது ஒரு அடி அடித்தால் பக்கத்துக் கம்பெனி டீக்கடையில் டம்ளர் நகரும். இது பேச்சு இல்லை, டம்ளர் நகர்ந்ததை நானே பார்த்தேன்.

அங்கே கூட வேலை செய்தவர்கள் பூவராகவனும் அன்புசெல்வனும். ஒரு ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை கொடுத்து முடித்த பிறகு பாட்டுக் கச்சேரிக்குச் சொல்லியிருந்த குழு வரவில்லை. பூவராகவன் வீட்டிலிருந்து கிட்டாரைக் கொண்டுவந்தான். அன்புசெல்வன் எண்ணெய் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டான். எபினேசர் பாடினான். வேதக்காரப் பையன் ஆயுத பூஜைக்குப் பாடலாமா என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கம்பெனியில் சந்தனப்பொட்டு இல்லாத நெற்றியே அன்றைக்குக் கிடையாது.

அப்படிப் பிறந்ததுதான் 'மூணாவது ஷிப்ட்'. அந்த ராக் பேண்டைத் தெரியாத காலேஜ் பிள்ளைகள் இப்போது யார் இருக்கிறார்கள்? சென்னை, பெங்களூர், கொழும்பு என்று மூன்று பேரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றினார்கள். அவர்கள் படம் போட்ட கறுப்பு பனியனை மீஞ்சூர் ஸ்டேஷனில் வாழைப்பழம் விற்கிறவர்கூடப் போட்டிருந்தார்.

பிறகு ஒரு நாள் எபினேசர் பேண்டை விட்டு வந்துவிட்டான்.

ஏன் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நிஜமான காரணம் ஒரு விரல். பூவராகவனுடைய ஆட்காட்டி விரல். மேடையில் எபினேசர் மேலே மேலே எடுத்துப் பாடும்போது, பக்கத்தில் நின்று கிட்டார் வாசிக்கிற பூவராகவன் விரலைக் கீழ் நோக்கி அசைப்பான். இறங்கு, இறங்கு என்கிற மாதிரி. முதலில் எபினேசர் கண்டுகொள்ளவில்லை. பிறகு ஒவ்வொரு கச்சேரியிலும் அந்த விரல். ஒரு காலேஜ் விழாவில் பாட்டு முடிந்ததும் மேடைக்குப் பின்னாலேயே கேட்டுவிட்டான்.

"இன்னாடா விரல ஆட்டிக்கினு நிக்கிற? நான் இன்னா உன் ஊட்டு ஆடா, மேய்க்கிறியா?"

"உனக்காகத்தாண்டா செய்யறேன்."

"எனக்காக நீ ஒண்ணும் செய்யத் தாவல. கூட்டம் என் பேரச் சொல்லிக் கத்துது, அது உனக்கு எரியுது. அவ்ளோதான்."

பூவராகவன் கிட்டாரைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தான். அந்த மௌனத்தைத்தான் எபினேசரால் தாங்க முடியவில்லை. "இனிமே நான் தனியா பாடிக்கிறேன். விரல நீயே வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கியவன் நேராக வீட்டுக்கு வந்து, மனைவி ஜெனிபரை எழுப்பி, நான் சொந்தமா ஒரு ஆல்பம் போடப்போறேன் என்றான். ஜெனிபர், சரி, கைகால் கழுவிட்டு வந்து சாப்பிடு என்றாள்.

ஜெனிபர் மருந்து டப்பா பேக்கிங் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கே பெண்கள் குனிந்த தலை நிமிராமல் மாத்திரை அட்டை அடுக்குவார்கள். காகிதம் உரசுகிற சத்தம்தான் அங்கே பெரிய சத்தம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீறாப்பில் சொன்னது சொன்னதுதான், அடுத்த நாளிலிருந்து பயம் பிடித்துக்கொண்டது. சென்னையில் ஒரு ஆடியோ கம்பெனி, 'மூணாவது ஷிப்ட்' எபினேசர் என்றால் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி வெளியிடும் தேதியையும் அறிவித்துவிட்டது. அவனுடைய பேரைப் போடும்போதெல்லாம் பேண்டின் பேரையும் சேர்த்துப் போட்டார்கள். அது அவனைத் தின்றது. அன்புசெல்வனின் டிரம்மும் பூவராகவனின் கிட்டாரும் இல்லாமல் வெறும் எபினேசரை யார் கேட்பார்கள்? தட்டில் இட்லியைப் பிட்டு வைத்துவிட்டு நாஷ்டா ஆறிப்போவது தெரியாமல் உட்கார்ந்திருப்பான். நகத்தைக் கடித்துக் கடித்து, இனிமேல் கடிக்கக் கை மட்டும்தான் பாக்கி என்று ஆனது.

அவனுக்கு வேண்டியிருந்தது அமைதியான பாட்டு. கத்தாத பாட்டு. ஒரே ஒரு கிட்டார், ஒரே ஒரு குரல், நடுநடுவே ஒன்றுமே இல்லாத வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்குத்தான் ஆசைப்பட்டான். ஆனால் கும்மிடிப்பூண்டியில் அமைதிக்கு எங்கே போவது? ரோலிங் மில், கூட்ஸ் வண்டி, கன்டெய்னர் லாரி. மீஞ்சூரில் பூமிகா என்கிற பெண் ஒலிப்பதிவு நிலையம் வைத்திருக்கிறாள். சென்னையில் அந்தப் படிப்பையே படித்து வந்தவள், எபினேசரை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவளுடைய அறை நல்ல அறைதான். ஆனால் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அந்த அறைக்குள் பாடினால், அட்டைப் பெட்டிக்குள் போட்டு ஒட்டிவிட்ட மாதிரி இருக்கிறது என்று எபினேசர் வெளியே வந்துவிட்டான்.

"எங்க ஊருக்கு வா" என்றாள் ஜெனிபர். "கழனிப் பக்கம் ஒரு ஈ காக்கா இருக்காது."

அவளுடைய ஊர் திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூர். அங்கே ஆதிநாராயணன் என்பவருக்கு நெல் கழனி இருக்கிறது, கழனி நடுவில் பம்புசெட் வைத்த மோட்டார் கொட்டாய் இருக்கிறது. அந்தக் கழனியில் ஜெனிபரின் வீட்டுப் பெண்கள் குனிந்து நாற்று நட்ட காலம் ஒன்று உண்டு. கொட்டாய்ப் பக்கம் நிழலுக்கு ஒதுங்கவும் அப்போது யோசிப்பார்கள். இப்போது அந்த வீட்டு மருமகன் பாடுவதற்கு இடம் வேண்டும் என்றதும், ஆதிநாராயணன் கொட்டாயைக் கழுவிவிட்டு, உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டு, தன் பேத்தி காலேஜில் காட்ட வேண்டும் என்று ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

பகலில் மோட்டார் ஓடும். பொழுது சாய்ந்தபின் நிறுத்திவிடுவார்கள். எபினேசர் அதற்குப் பிறகு போவான். பூமிகா கொடுத்த ரெக்கார்டரை ஸ்டாண்டில் மாட்டி, கதவைத் திறந்து வைத்து, வரப்பைப் பார்த்து உட்கார்ந்து, தானே கிட்டாரை மீட்டிக்கொண்டு பாடுவான். யாரும் கூட இருக்கக் கூடாது என்று கண்டிப்பு. ஜெனிபர் அம்மா வீட்டில் இருந்துகொண்டாள்.

ஒரு மாலையில் ஆதிநாராயணன் டார்ச்சோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, இவ்ளோ சத்தத்துலயா பாடிக்கினு கீற?"

"எங்கய்யா சத்தம்? எங்க ஊர்ல இப்டி ஒரு எடமே இல்ல. ஊசி உழுந்தா கேக்கும்."

ஆதிநாராயணன் அவன் முகத்தைப் பார்த்தார். பெரிய பாட்டுக்காரன் கிண்டல் செய்கிறான், நமக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துச் சிரித்துவைத்துவிட்டுப் போய்விட்டார்.

பாட்டெல்லாம் பூமிகாவிடம் வந்தது. அவள் முழுக்கக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "இப்படி ஒரு பேக்ரவுண்டோட விடறதுக்குத் தைரியம் வேணும்ணா" என்றாள் பிறகு. டிரம் இல்லாமல் விடுவதைத்தான் சொல்கிறாள் என்று எபினேசருக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனால் குரல் மங்கலாகக் கேட்பதாக அவனுக்குத் தோன்றியது. ஸா, சா எல்லாம் மழுங்கின கத்தி மாதிரி.

"ட்ரெபிள ஏத்து பூமிகா. கூரா வர்ற சத்தம் ஏறட்டும்."

"ஏத்திட்டேண்ணா."

"இன்னும்."

"இதுக்கு மேல ஏத்தினா காதைக் கிழிக்கும்ணா."

"நான் கேக்கறேன் இல்ல? கேட்டுத்தானே சொல்றேன். ஏத்து."

அவள் ஏற்றினாள். பேர் பெற்றவன், காதில் ஏதோ வித்தியாசமான கணக்கு வைத்திருக்கிறான் என்று எண்ணிக்கொண்டாள். 'ஆறுன உலை' என்ற முதல் பாட்டை மட்டும் முன்னோட்டமாக இணையத்தில் விட்டார்கள்.

பாட்டுக்குக் கீழே ஜனங்கள் எழுத ஆரம்பித்தார்கள். எபினேசர் ஒன்று விடாமல் படித்தான், அதுதான் அவன் செய்த தப்பு. ஒருத்தன், காதுக்குள் ரம்பம் போட்ட மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தான். ஒருத்தன், ஷிப்ட் முடிஞ்சுது தலைவரே, ஊட்டுக்குப் போங்க என்றான். ஒரு அம்மா நல்லெண்ணத்தோடு, தம்பி, பாட்டைப் போட்டதும் எங்கள் வீட்டு நாய் எழுந்து ஓடிவிட்டது, இதுவரை வரவில்லை என்று எழுதியிருந்தார்.

"எல்லாம் பூவராகவன் ஏவிவிட்ட பசங்க" என்றான் எபினேசர். அப்படிச் சொல்லும்போது குரலில் நம்பிக்கை இல்லை. ஆடியோ கம்பெனியிலிருந்து போன் வந்தது. மரியாதையாகத்தான் பேசினார்கள். மற்றப் பாட்டுகளும் இப்படித்தான் இருக்கும் என்றால் வெளியிடுவது கஷ்டம், திங்கட்கிழமை காலைக்குள் சரிசெய்து அனுப்பினால் பார்க்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம் என்றார்கள். எதைச் சரிசெய்வது என்று கேட்க அவனுக்கு நாக்கு எழவில்லை. பாட்டே சரியில்லை, பாடுகிறவனே சரியில்லை என்றுதான் அவன் காதில் விழுந்தது. இந்த ஆல்பம் போனால் திரும்பிப் போக ஒரே இடம்தான், அந்த விரலுக்குப் பக்கத்தில்.

சனிக்கிழமை மத்தியானம் ஜெனிபர் வேலை முடிந்து வந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் எதிரே வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

"நீ சொல்லு ஜெனி. பாட்டு எப்டி கீது?"

"நல்லாத்தான் கீது."

"அந்த 'தான்'ன எடுத்துட்டுச் சொல்லு."

"எனக்கு இன்னாய்யா தெரியும்? கொஞ்சம் காது வலிச்சுது. ராக்குன்னா அப்டித்தான் இருக்கும்னு உட்டுட்டேன். உன் பேண்டு கச்சேரிக்கு வந்தாலும் எனக்குக் காது வலிக்கும், நான் இன்னா உன்கிட்ட சொல்லிக்கினா இருந்தேன்?" ஒரு காம்பை உருவி இலையை முறத்தில் போட்டாள். "ஆனா அந்த சில்வண்டக் கொஞ்சம் கொறச்சிருக்கலாம். பேஜாரா கீது."

"எந்த சில்வண்டு?"

"உன் பாட்டுல கத்துதே, அது."

"என் பாட்டுல ஏது சில்வண்டு?"

ஜெனிபர் கிண்டல் என்றுதான் நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்த பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பாட்டைப் போட்டாள். அவன் காதோடு வைத்தாள். "தோ கத்துது. ங்ஙீன்னு. கழனில அந்த நேரத்துக்கு எங்க பாத்தாலும் அதான். உனக்குக் கேக்கல?"

எபினேசருக்குத் தன் குரல் கேட்டது. கிட்டார் கேட்டது. அதற்கு நடுவே அவன் ஆசை ஆசையாக விட்டுவைத்திருந்த வெற்றிடம் கேட்டது. வேறொன்றும் இல்லை.

ஜெனிபர் எழுந்து அலமாரியிலிருந்து ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்தாள். பட்டன் அழுத்தினால் கீச்சென்று ஒரு சத்தம் போடுமே, அது. அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று அழுத்தினாள்.

"அழுத்து" என்றான் அவன்.

"அழுத்திட்டேன்."

அடுப்பில் வைத்த குக்கர் மட்டும் ஒரு முறை கத்தியது. அது கேட்டது. அவன் எந்தக் குக்கரையும் இவ்வளவு சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்ததே இல்லை.

"என் காதுக்கு ஒண்ணும் இல்ல ஜெனி. கம்பெனில வருசா வருசம் காது டெஸ்ட்டு எடுத்தானே. எப்பவும் பாஸு. டாக்டரே என்னப் பாத்து, கழுகுக் காதுன்னாரு."

"எப்டி எடுப்பான் அந்த டெஸ்ட்டு?"

அவன் சொல்ல ஆரம்பித்தான். கம்பெனி வாசலுக்கு வேன் வரும். உள்ளே கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு கூண்டு. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வெளியே இருக்கிற ஆள் ஒரு குமிழைத் திருகிக் கீச்சு கீச்சு என்று சத்தம் அனுப்புவார், கேட்டால் கையிலிருக்கிற பட்டனை அமுக்க வேண்டும். கேட்கவில்லை என்று தெரிந்தால் ஹேம்மரிலிருந்து தூக்கி ஸ்டோருக்கோ தோட்டத்துக்கோ போட்டுவிடுவார்கள். ஓவர்டைம் போய்விடும். அதனால் ஹேம்மரில் நின்ற எல்லாருக்கும் ஒரு வழி தெரியும், புதிதாகச் சேருகிறவனுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். குமிழைத் திருகும்போது அந்த ஆளுடைய முழங்கை கொஞ்சம் அசையும். கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்து...

எபினேசர் அங்கேயே நிறுத்திவிட்டான். வாய் திறந்தபடி இருந்தது. சொல்லும்போதுதான் அவனுக்கே விளங்கியது. அத்தனை வருஷமும் அவன் பாஸானது முழங்கையில்தான்.

"கழுகுதான்" என்றாள் ஜெனிபர். "ஆனா கழுகுக்குக் கண்ணுதானேய்யா பெருசு."

சொல்லிவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனையில் எல்லோரும் பாடியபோது எபினேசர் பாடவில்லை. சரியாகத்தான் பாடுகிறோமா என்று சந்தேகம் வந்துவிட்டவனுக்கு வாய் எப்படித் திறக்கும்? முடிந்ததும் ஜெனிபரையும் ஏற்றிக்கொண்டு வண்டியை மீஞ்சூருக்கு விட்டான். பூமிகாவைப் பார்ப்பதற்கு முன் ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் பூவராகவனை வரச் சொல்லியிருந்தான். பேண்டை விட்டபின் இருவரும் பார்த்துக்கொள்வது அதுதான் முதல் தடவை.

பூவராகவன் வந்து உட்கார்ந்தான். ஜெனிபரிடம், "நல்லா கீறியாம்மா?" என்றான். எபினேசரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"அந்த விரல் எதுக்குடா?" என்றான் எபினேசர்.

பூவராகவன் டீயைச் சுற்றிச் சுற்றி ஆற்றினான்.

"நீ மேல போறப்ப கொஞ்சம் அதிகமா தூக்கிடற. சுருதி உட்டு வெளிய. டிரம்மு சத்தத்துல ஜனங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். எறக்குன்னு காட்டுவேன். நீயும் எறக்கிடுவ. உனக்கு எரிச்சல் வரும், ஆனா எறக்கிடுவ."

"எத்தன நாளா?"

"ரொம்ப நாளா."

"சொல்றதுக்கு இன்னா உனக்கு?"

"இன்னான்னு சொல்வேன் மச்சா? நீ காது போன பாடகன்னா? சொன்னா நீ பாட்டையே உட்டுட்டு, ஊட்ல போய் குந்திப்ப. எனக்குத் தெரியாதா உன்ன." அவன் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினான். "எனக்கு மட்டும் இன்னா வாழுதாம்? இது எப்பவோ போச்சு. மேடைல எப்பவும் உனக்கு இடப்பக்கமாத்தானே நிப்பேன், கவனிச்சியா? இந்த வலது காது உன் பக்கம் வரணும்னுதான். அன்பு கதைய நீ கேக்கவே வேணாம். அவன் டிரம்ம கால்ல கேக்கறான்."

ஜெனிபர் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இந்த லட்சணத்துலதான் கொழும்பு வரைக்கும் போய் வந்தீங்களா?" என்றாள்.

பூவராகவன் முதலில் சிரித்தான். எபினேசருக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல் என்று நினைத்து எதை உதறிவிட்டு வந்தோம் என்பது அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது.

"திரும்பி வந்துடு" என்றான் பூவராகவன். "ஆல்பத்த உடு. நீ எங்க சத்தத்துக்குள்ள இருந்தன்னா ஒருத்தனும் கண்டுபிடிக்க மாட்டான். நான் பாத்துக்கிறேன்."

அது அன்பாகச் சொன்ன வார்த்தை. அதனால்தான் பயமாக இருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திங்கட்கிழமைக் கெடு என்ற கவலையே இல்லாமல் போய்விடும். ஒளிந்துகொள்ள இடம் தயாராக இருந்தது. எபினேசர் கப்பைக் கீழே வைத்தான்.

"உன்ன தப்பா பேசிட்டேன்" என்றான். "ஆனா வரல. எனக்கு அந்தச் சத்தம் போதும்டா. இருக்கற காதையாச்சும் வெச்சிக்கணும்."

பூவராகவன் தலையை ஆட்டினான். சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், உன் தலையெழுத்து என்றும் எடுத்துக்கொள்ளலாம். டீக்குக் காசெடுக்கக் கையைப் பையில் விட்ட எபினேசரைத் தடுத்து, தானே கொடுத்துவிட்டு எழுந்து போனான்.

பூமிகாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

"அப்ப அந்தப் பூச்சி சத்தத்தை நீங்க வேணும்னு வைக்கலயாண்ணா?"

"எனக்கு இப்பவும் அது கேக்கலம்மா. கீச்சுனு வர்றதையெல்லாம் ஹேம்மர் தின்னுடுச்சி."

"நான் அதைப் பத்தி ஃப்ரெண்ட்ஸ்கிட்டல்லாம் சொல்லிட்டேன். என்ன ஒரு யோசனைன்னு." முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். "நீங்க ஏத்தச் சொல்லச் சொல்ல உங்க குரலோட சேர்ந்து பூச்சியும் ஏறிடுச்சு. நானும் ஏத்தினேனே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

பூச்சியை மட்டும் உருவி எடுக்கப் பார்த்தார்கள். பூச்சி போகும்போது குரலையும் பிய்த்துக்கொண்டு போனது. குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிட்டது என்றாள் பூமிகா. சரி, பஞ்சு ஒட்டிய அறையிலேயே புதிதாகப் பாடிவிடலாம் என்று எபினேசர் உள்ளே போனான். இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. ஒவ்வொரு மேல் ஸ்தாயிக்கும் கண்ணாடிக்கு அப்பால் பூமிகாவின் முகத்தைப் பார்த்தான், சரியா, சரியா என்று. பயந்தவன் குரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். எளாவூர் லாரியை விடுங்கள், அந்த அறையின் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டில்கூட அசையவில்லை. வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

"மோட்டார் கொட்டாயில பாடினதுதான் பாட்டு" என்றாள் பூமிகா. "இனிமே அப்படி வராதுண்ணா. அதை வெச்சிக்கினுதான் ஏதாவது செய்யணும்."

"செய். ஆனா எது சரின்னு யார் சொல்றது? என்னால சொல்ல முடியாது. உன்ன நான் கேக்கவே உடல, நீயும் இப்ப பயந்துதான் போயிருக்க."

அதுவரை மூலையில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்திருந்த ஜெனிபரை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். அது காகிதம் உரசுவதைக் கேட்டே பழகிய காது.

"என்ன இன்னாத்துக்குப் பாக்கறீங்க? எனக்கு சுருதியும் தெரியாது, ஒண்ணும் தெரியாது."

"காது வலிச்சா சொல்லத் தெரியும் இல்ல?" என்றான் எபினேசர். "இதுவரைக்கும் சொல்லாம இருந்தது போதும்."

அவளை நடுவில் உட்கார வைத்தார்கள். முதலில் கூச்சப்பட்டாள். நல்லாத்தான் கீது, நல்லாத்தான் கீது என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது பாட்டு போகும்போது கூச்சம் விட்டுப்போய், மாமியார் சமையலுக்குக் குற்றம் கண்டுபிடிக்கும் வேகம் வந்தது. "கொற. இன்னும் கொற. பொரியல்ல கடுகு இருக்கலாம், கடுகையே பொரியல் பண்ணி வெச்சா எப்டி துன்றது?" என்றாள். "இங்க இவரு வாய் பக்கத்துல இருந்து பேசற மாதிரி இருக்கணும்மா, ரோட்டுக்கு அந்தாண்ட இருந்து கூப்புட்ற மாதிரி கீது." ஓரிடத்தில், "இங்க தூக்கிட்டாரு, எனக்கே தெரியுது" என்று எபினேசரைப் பார்க்காமல் சொன்னாள். பூமிகா கம்ப்யூட்டரில் அந்தச் சுருதியை மெல்ல இழுத்துக் கீழே வைத்தாள். எபினேசருக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் தலையாட்டுவது தெரிந்தது, அவ்வளவுதான். தன் பாட்டைப் பற்றி மற்றவர்கள் வேறொரு பாஷையில் பேசிக்கொள்வதைப் போல உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பாட்டு அவனுக்கு இன்னும் மங்கலாகிக்கொண்டே போனது. அவன் ஏற்றச் சொன்னதையெல்லாம் அவர்கள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். இதுதான் சரி என்கிறார்கள். சரியாக இருந்தால் அது தனக்குக் கேட்காது.

திங்கட்கிழமை காலை ஜெனிபர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவனோடு மறுபடி மீஞ்சூர் வந்தாள். எல்லாம் முடிந்திருந்தது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஆடியோ கம்பெனியிலிருந்து ஒரு முறை போன் வந்து நின்றது.

"நீங்க சொன்னா அனுப்பிடுவேன்ணா" என்றாள் பூமிகா.

"நான் கேக்காத பாட்ட நான் எப்டிம்மா அனுப்பச் சொல்றது? என் பேரு போட்டு வெளிய போவுது. உள்ள இன்னா கீதுன்னே எனக்குத் தெரியல." நாற்காலியைத் திருப்பி இரண்டு பேரையும் பார்த்தான். "மறுபடியும் எவன் ஊட்டு நாயாவது ஓடிச்சின்னா, அப்புறம் எனக்குப் பாட்டு இல்ல. அத மட்டும் ஞாபகம் வெச்சிக்குங்க ரெண்டு பேரும்."

ஜெனிபர் தன் நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டாள். "'ஆறுன உலை'ய போடும்மா" என்றாள். அவன் கையை எடுத்துத் தன் மடியில் இருந்த கைப்பை மேல் வைத்துக்கொண்டாள்.

பாட்டு ஆரம்பித்தது. கிட்டார் ஒரு முறை மீட்டி நின்றது. அவன் வெற்றிடம் என்று நினைத்திருந்த இடம் வந்தது. ஜெனிபர் ஒரு விரலால் அவன் மணிக்கட்டில் தட்ட ஆரம்பித்தாள். மிருதுவாக, வேகமாக, விடாமல், மழைத் தூறல் விழுகிற மாதிரி. சில்வண்டு கத்துகிறது என்று அவனுக்குப் புரிந்தது. எத்தனை நேரம் கத்துகிறது, எப்படிக் கத்துகிறது என்று தோலில் தெரிந்தது.

பிறகு அவனுடைய குரல் வந்தது. தாழ்வாகத்தான் ஆரம்பித்திருந்தான், உலை ஆறியபின் பட்டறையில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தன் பேசுகிற மாதிரி. ஜெனிபரின் விரல் நின்றுவிட்டது.

"இன்னா நிறுத்திட்ட?"

"அது நிறுத்திடுச்சி."

"எது?"

"சில்வண்டு. நேத்தே லேசா பட்டுது, சொல்லத் தெரியல. அப்ப ரம்பம் மாதிரி எல்லாம் ஒண்ணாக் கலந்து கெடந்துது. இப்பத்தான் பிரிஞ்சி தெரியுது. நீ வாயத் தொறந்தா அதுங்க வாய மூடிக்குது. நீ நிறுத்தினா..." வரி முடிந்தது. விரல் மறுபடி தட்டியது, முதலில் ஒன்று, பிறகு பக்கத்தில் இன்னொன்று சேர்ந்துகொண்டதுபோல இரண்டு விரல். "தோ. ஆரம்பிச்சிடுச்சி. பயந்துக்கினு பயந்துக்கினு."

அடுத்த வரி வந்தது. விரல் நின்றது.

எபினேசர் திரையைப் பார்க்கவில்லை, பூமிகாவைப் பார்க்கவில்லை. மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கொட்டாயில் தனியாக உட்கார்ந்து பாடியதாகத்தான் அவன் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தான். ஆளே இல்லாத இடம் என்று நினைத்துப் பாடிய ஒவ்வொரு வரிக்கும் ஒரு கழனி முழுக்க நிறுத்திக் கேட்டிருக்கிறது.

போன் மறுபடி அடித்தது. கம்பெனிதான். பூமிகா எடுக்காமல் அவனைப் பார்த்தாள்.

"அனுப்பிடு" என்றான்.

அவள் பட்டனை அழுத்தினாள். அவன் கை நடுங்கியது, நன்றாகவே நடுங்கியது, ஜெனிபரின் மடியில் இருந்த கைப்பையின் சாவிக்கொத்து அந்த நடுக்கத்தில் சிணுங்கிக்கொண்டிருந்தது. அது அவனுக்குக் கேட்டிருக்காது. பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஜெனிபர் அடுத்த வரிக்காகக் காத்திருந்தாள்.